போனில் கேட்காத மூச்சு

செந்தில்,

உன் கூட்டாளி ஜெரோமைப் பற்றி நீ நெட்டில் எழுதியது எந்த இடத்தில் எல்லாரும் படிக்கும்படி கிடக்கிறதோ, அதே இடத்தில்தான் இந்தக் கடிதத்தையும் போடுகிறேன். அப்பா இதை வீட்டுக்குள்ளேயே சொல்லியிருக்கலாமே என்று உனக்குத் தோன்றும். நானும் அப்படித்தான் பல மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தப் பையன் மேல் பழி விழுந்தது ஊரறிய. அதை நம் வீட்டு அடுக்களையில் வைத்து ரகசியமாகத் துடைத்துவிட முடியாது. அதனால் சுற்றிவளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் இருவரும் சேர்ந்து செய்த வீடியோ விளையாட்டை முடியும் முன்னே வெளியே விட்டவன் ஜெரோம் இல்லை. நான்தான். நீ என்னிடம் நேருக்கு நேர் கேட்டபோது இல்லை என்று சொன்னவனும் நான்தான். முழுவதையும் எழுதத்தான் வேண்டும்.

என்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்தவற்றையும் சொல்கிறேன், பொறுத்துக்கொள். எனக்குச் சொந்த ஊர் உடன்குடி. அப்பா கருப்பட்டிக் கடை வைத்திருந்தார். நான் தூத்துக்குடிக்கு வந்து செல்போன் கடை போட்டு இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. பட்டன் போன் காலத்திலிருந்து இன்றுவரை இந்த ஊரில் யார் கையில் என்ன போன் இருக்கிறது, அதில் எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது, எந்தப் பக்கம் கண்ணாடி உடைந்திருக்கிறது என்றெல்லாம் எனக்கு அத்துப்படி. இப்போது எல்லாரும் ஆன்லைனில் வாங்குகிறார்கள். கடைக்கு வருகிறவர்கள் கண்ணாடி ஒட்டவும் சிம் மாற்றவும்தான் வருகிறார்கள். ஆனாலும் போன் என்றால் அண்ணாச்சியிடம் கேள் என்று நாலு பேர் சொல்வது எனக்குப் பெரிய பெருமை. நடந்த எல்லாவற்றுக்கும் இந்தப் பெருமைதான் வேர். அதனால்தான் இதை முதலில் சொன்னேன்.

நீ சென்னை வேலையை விட்டுவிட்டு வந்து, ஜெரோமும் நீயும் நம் மாடி அறையில் உட்கார்ந்து விளையாட்டு செய்யத் தொடங்கிய வருடத்தில் நான் உன்னிடம் அதிகம் பேசவில்லை. கோபம் இல்லை. நீங்கள் பேசுவது எனக்குப் புரியவில்லை, அவ்வளவுதான். அந்த விளையாட்டின் கதை மட்டும் புரிந்தது. ஒருவன் கடலில் குதிக்கிறான். ஒரே மூச்சு. அந்த மூச்சு தீர்வதற்குள் அடியில் இருக்கும் பாறைக்குப் போய், இருட்டில் தடவி, சிப்பியை எடுத்துக்கொண்டு மேலே வரவேண்டும். எத்தனை ஆழம் போகலாம், எப்போது திரும்பலாம் என்பதை அவனே முடிவு செய்ய வேண்டும். திரையில் மூச்சுக்குக் கணக்குக் காட்டும் கோடு எதுவும் கிடையாது. நெஞ்சு துடிக்கும் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். படம் முழுவதும் ஜெரோம் வரைந்தது. அவனுடைய அப்பா சேவியர் அண்ணன், சிலிண்டரும் கம்ப்ரசரும் வராத காலத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டே இறங்கிச் சங்கு எடுத்தவர். அறுபதைத் தாண்டிய அந்த மனிதரை வள்ளத்தில் கூட்டிக்கொண்டு போய், தண்ணீரில் இறங்கி ஏறச் சொல்லி, அவர் மேலே வந்து மூச்சு விடும் சத்தத்தை நீங்கள் பதிவு செய்துகொண்டு வந்தது எனக்குத் தெரியும். ஆனால் நான் அதை ஒரு நாளும் உட்கார்ந்து கேட்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டில்தான் அந்தப் பேச்சு வந்தது. விளையாட்டை எதில் கொண்டுவருவது, போனிலா கம்ப்யூட்டரிலா என்று நீங்கள் இருவரும் நாள்கணக்காக முட்டிக்கொண்டிருந்தீர்கள். நீதான் என்னைப் பார்த்து, "அப்பா, நீங்க சொல்லுங்க. போனப் பத்தி உங்கள விட யாருக்குத் தெரியும்?" என்று கேட்டாய். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? ஒரு வருடத்தில் முதல்முறையாக உன் வேலையில் எனக்குச் சொல்ல ஏதோ இருந்தது.

"இதுல யோசிக்க என்னலே இருக்கு? கையில போன் இல்லாதவன் எவன் இருக்கான்? கம்ப்யூட்டர் எத்தன வீட்டுல இருக்கு? போன்லதான் போடணும்" என்றேன்.

ஜெரோம் மெதுவாகச் சொன்னான், "அங்கிள், இது இருட்டுல ஹெட்போன் மாட்டிக்கிட்டு ஒத்தையில இருந்து ஆடுத கேம். போன்ல ஆடுதவன் பஸ்ல இருப்பான். பாதி மூச்சுல கால் வந்திரும்."

"வந்தா எடுத்துப் பேசிட்டுத் திரும்ப ஆடுதான். என்ன கெட்டுப்போச்சு?"

"மூச்சப் பிடிச்சிக்கிட்டு உள்ள இருக்கவன் கால் பேசிட்டு வர முடியாதுல்லா அங்கிள்? அதுபோக, பெருவிரலு ரெண்டும் படத்த மறைச்சிரும். சிப்பி இருக்கது மூலையிலதான்."

உன் அம்மா சிரித்துவிட்டாள். நீயும் சிரித்தாய். அவன் என்னைக் கேலி செய்யவில்லை. அவன் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பும் இல்லை. ஆனால் என் தொழிலில், என் வீட்டில், என் சாப்பாட்டு மேசையில், சங்கு குளித்தவர் மகன் எனக்குப் பாடம் சொல்கிறான் என்றுதான் எனக்கு உறைத்தது. அப்படித்தான் நினைத்தேன் செந்தில், அந்த வார்த்தைகளிலேயே நினைத்தேன். அதையும் மறைக்க எனக்கு இப்போது உரிமை இல்லை.

நீ நடுவில் புகுந்து சமாதானம் செய்தாய். கம்ப்யூட்டருக்கான வேலை நடக்கட்டும், பெங்களூர் கம்பெனி ஒன்று அதை வெளியிடுவதாகப் பேசிக்கொண்டிருக்கிறது, இடையில் போனில் எப்படி இருக்கிறது என்று ஒரு சின்ன மாதிரி செய்து பார்ப்போம் என்றாய். இரண்டு வாரத்தில் மாதிரி வந்தது. மூன்றே மூன்று போனில் ஏற்றினாய். உன்னுடையது, ஜெரோமுடையது, என்னுடையது. என் போனைத் திருப்பித் தரும்போது, "அப்பா, இது பாதிதான் ஆயிருக்கு. யாருக்கும் அனுப்பிராதிய, கேட்டியளா?" என்றாய். "சரிலே" என்றேன்.

மூன்று நாள்தான் அந்தச் சொல்லைக் காப்பாற்றினேன். நாலாம் நாள் கண்ணாடி ஒட்ட வந்த காலேஜ் பையன் ஒருவனிடம், என் மகன் செய்த கேம் என்று காட்டினேன். அவன் ஆடிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இத என் போன்ல போட்டுத் தாங்க" என்றான். போட்டுக் கொடுத்தேன். அதோடு நிறுத்தியிருந்தால்கூட ஆசைப்பட்டு ஒரு தகப்பன் செய்தது என்று சொல்லிக்கொள்ளலாம். நான் நிறுத்தவில்லை. சிம் வாங்க வந்தவர், ஸ்பீக்கர் சரிசெய்ய வந்தவர், துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறவர்கள், டியூஷன் முடிந்து வந்த பிள்ளைகள் என்று கடைக்கு வந்த எல்லார் போனிலும் போட்டேன். அந்த வாரக் கடைசியில் உன் முன்னால், ஜெரோம் முன்னால், ஊரே போனில் ஆடுகிறது பாருங்கள் என்று சொல்லி ஜெயிக்க வேண்டும். அதுதான் என் கணக்கு.

அந்த வாரக் கடைசி வரவே இல்லை. யாரோ அதை இலவசமாக இறக்கிக்கொள்ளும் ஒரு தளத்தில் போட்டுவிட்டார்கள். யூடியூபில் கிண்டல் வீடியோ போடுகிற ஒருவன் அதை எடுத்து ஆடிக் காட்டினான். கடலில் குதித்தவன் கால் பாறைக்குள் புதைந்து போனது, சிப்பி காற்றில் மிதந்தது, எல்லாவற்றுக்கும் சிரித்தான். கடைசியில் சேவியர் அண்ணன் மூச்சுச் சத்தம் வந்தது. சின்ன போன் ஸ்பீக்கரில் அது உஸ் உஸ் என்று கரகரத்தது. "கடலுக்கடியில யாருடா குக்கர் வச்சது?" என்றான். அந்த ஒரு வரிதான் ஊரெல்லாம் சுற்றியது. பத்து நாளில் ஜெரோம் வரைந்த அதே படத்தோடு, விளம்பரம் நிரம்பிய ஒரு திருட்டு விளையாட்டும் பிளே ஸ்டோரில் வந்தது. இது வேறு யாரிடமும் இல்லை என்று சொன்னீர்களே என்று கேட்டுவிட்டுப் பெங்களூர்க்காரர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள்.

நீ மாடியிலிருந்து இறங்கி வந்து கேட்டது என் காதில் இன்னும் இருக்கிறது. முகம் வெளிறிப்போய் நின்றாய். "அப்பா, நீங்க யாருக்கும் குடுத்தியளா?"

"நான் எதுக்குலே குடுக்கேன்?" என்றேன்.

நீ உடனே நம்பினாய். மறுகேள்வி கேட்கவில்லை. நீ ஆறாவது படிக்கும்போது, ரிப்பேருக்கு வந்த ஒருவருடைய போனைத் தண்ணீர் வாளியில் போட்டுவிட்டாய். யாரும் பார்க்கவில்லை. சாயங்காலம் நீயாக வந்து என்னிடம் சொன்னாய். நான் உன்னை அடிக்கவில்லை. ஆனால் விடவும் இல்லை. கையைப் பிடித்து அவர் வீடு வரைக்கும் நடத்திக் கூட்டிக்கொண்டு போய், "நீ போட்டத நீயே சொல்லு" என்று வாசலில் நிறுத்தினேன். அழுதுகொண்டே சொன்னாய். திரும்பி வரும்போது, உண்மையைச் சொன்னவன் தலை குனிய வேண்டியதில்லை என்று பெரிய மனுஷன் மாதிரி பேசினேன். அப்படிப்பட்ட அப்பா பொய் சொல்லமாட்டார் என்றுதான் நீ நம்பினாய். நான் வளர்த்துவைத்த நம்பிக்கையை நானே எனக்குச் சாட்சியாக வைத்துக்கொண்டேன்.

பிறகு மிச்சம் இருந்தது ஜெரோம் மட்டும்தானே. போனில் வரவே கூடாது என்று சண்டை போட்டவன் அவன், அதைக் கெடுப்பதற்காகவே பாதி செய்ததை வெளியே விட்டுவிட்டான் என்று நீ கட்டிய நியாயம், கேட்கிற யாருக்கும் சரியாகத்தான் பட்டது. நீ அவனிடம் போனில் கத்தியபோது நான் கீழே ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கூடப் பிறந்தவன் மாதிரி இருந்தவன் முதுகில் குத்திவிட்டான், இனி இவனை நம்பி யாரும் வேலை செய்யாதீர்கள் என்று நீ எல்லாரும் படிக்க எழுதியபோதும் நான் பேசவில்லை. அம்மா, "அந்தப் பையன் அப்படிச் செய்யமாட்டான்ங்க" என்று சொன்னாள். "யார் மனசுல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?" என்றேன். என் வாழ்க்கையில் நான் பேசியதிலேயே கேவலமான பேச்சு அது.

அதற்கு மறுவாரம் ஜெரோம் கடைக்கு வந்தான். கூட்டம் இல்லாத நேரம். கல்லாவுக்கு எதிரில் வந்து நின்று, "நல்லாருக்கியளா அங்கிள்?" என்றான். நான் ஒரு போனின் பின்மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை. "ம்" என்றேன். அவன் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு ஒரு சார்ஜர் வயர் கேட்டான். எடுத்துக் கொடுத்தேன். போய்விட்டான். அப்பாடா என்று இருந்தது. நீயும் சில நாளில் சென்னையில் பழைய மாதிரி வேலைக்குப் போய்விட்டாய். விளையாட்டைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. எல்லாம் அடங்கிவிட்டது என்று நினைத்தேன். ஆனால் கடையில் யாராவது போனைக் குறுக்காகப் பிடித்து விளையாடினால்கூட அது அந்த விளையாட்டுதானா என்று எட்டிப் பார்ப்பேன்.

போன மாதம் உன் கல்யாணத்துக்கு யார் யாருக்குப் பத்திரிகை என்று நீ எழுதி அனுப்பியதை அம்மா வாசித்துக் காட்டினாள். பள்ளிக்கூடத்து நண்பர்கள், காலேஜ் நண்பர்கள், சென்னையில் அறையில் கூட இருந்தவர்கள், எல்லாரும் இருந்தார்கள். அம்மா வாசித்து முடித்துவிட்டுத் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். யார் பெயரைத் தேடினாள் என்று எனக்குத் தெரியும். நம் வீட்டில் எத்தனை வருடம் அவளே அவனுக்குத் தோசை சுட்டுப் போட்டிருக்கிறாள். அன்றைக்குத்தான் முதலில் அவளிடம் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "அப்போ அன்னைக்கு எங்கிட்டயும்தான் அப்படிப் பேசினியளா?" என்று மட்டும் கேட்டாள். இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு வைத்தாள், பேசவில்லை.

மூன்றாம் நாள் ஒரு பத்திரிகையை எடுத்துக்கொண்டு, விசாரித்து ஜெரோம் வீட்டுக்குப் போனேன். இப்போது அவன் துறைமுகத்தில் கண்டெய்னர் யார்டு ஆபீஸில் கணக்கு எழுதுகிறான். நீ எழுதிய பிறகு கேம் கம்பெனிகள் இரண்டில் வேலை கூடிவந்து தட்டிப்போனதாம். கதவைத் திறந்தவன், "வாங்க அங்கிள்" என்றான். உட்காரச் சொன்னான். நான் உட்காரவில்லை. "அத வெளிய விட்டது நான்தான்ப்பா" என்றேன்.

"தெரியும் அங்கிள்."

நின்றுகொண்டிருந்தவன் அப்போதுதான் உட்கார்ந்தேன்.

"எங்க அத்தான் போன்ல பாத்தேன். அண்ணாச்சி கடையில போட்டுத் தந்தாவன்னு அவரே சொன்னாவ. அன்னைக்குக் கடைக்கு வந்தேம்லா, நீங்களே சொல்லுவியன்னு நினைச்சித்தான் வந்தேன். நீங்க நிமிர்ந்தே பாக்கல."

"செந்தில்ட்ட சொல்லியிருக்கலாமே?"

"உங்களப் பத்தி நான் சொன்னா அவன் நம்புவானா? இன்னும் கொஞ்சம் கூட வெறுப்பான். நீங்க சொல்லணும் அங்கிள். நான் சொல்லி என்ன ஆகப் போவுது?" அவன் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

உள்ளறையில் சேவியர் அண்ணன் இருமும் சத்தம் கேட்டது. ஜெரோம் என்னைக் கூட்டிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்காரவைத்தான். பிறகு பழைய லேப்டாப் ஒன்றைத் திறந்து, ஜன்னலைச் சாத்தி, பெரிய ஹெட்போனை என் தலையில் மாட்டினான். வேலை முடிந்து வந்தபிறகு தனியாகவே அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துகொண்டிருக்கிறான். நீ எழுதிய ப்ரோகிராம் பகுதிகள் எதையும் அழிக்கவில்லை. உன் பெயரும் முதல் பக்கத்தில் அப்படியே இருக்கிறது.

நான் இறங்கினேன். தண்ணீர் என் இரண்டு காதையும் மூடிக்கொண்டது. மேலே வெளிச்சம் சுருங்கிச் சுருங்கிப் போனது. என் நெஞ்சு துடிப்பதா, விளையாட்டில் துடிப்பதா என்று தெரியவில்லை. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அது எனக்கே தெரியவில்லை. சிப்பி கையில் பட்டதும் பயந்துபோய் மேலே ஏறினேன். தலை தண்ணீருக்கு மேலே வந்தபோது அந்த மூச்சு கேட்டது. என் பக்கத்தில் ஒரு மனிதன் சாவிலிருந்து வெளியே வந்து மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. நீளமாக, நடுக்கத்தோடு, கடைசியில் ஒரு சின்னச் சீட்டியோடு. ஹெட்போனைக் கழற்றினேன். சேவியர் அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அதே மூச்சு இப்போது அவர் நெஞ்சில் இரைந்துகொண்டிருந்தது.

"எப்படி இருக்கு அண்ணாச்சி?" என்று கேட்டார்.

ஊரில் அவரை இன்றும் சிலர் குக்கர் என்று கூப்பிடுகிறார்கள் என்பதை ஜெரோம்தான் பிறகு சொன்னான். மீன் ஏலக்கூடத்துப் பக்கம் அவர் போவதையே நிறுத்திவிட்டாராம். நாற்பது வருடம் கடலடியில் உழைத்த மனிதரை நான் கடையில் உட்கார்ந்துகொண்டே ஊர் சிரிக்கும்படி செய்துவிட்டேன். அவர் காலைத் தொடக் குனிந்தேன். அவர் விடவில்லை. என் தோளைப் பிடித்துத் தள்ளி, "அதெல்லாம் வேண்டாம். பயலுவ ரெண்டு பேரயும் பேச வைங்க. அது போதும்" என்றார்.

கிளம்பும்போது பத்திரிகையை நீட்டினேன். ஜெரோம் கையை நீட்டவில்லை. "நீங்க குடுத்தா வாங்கமாட்டேன் அங்கிள். தப்பா எடுத்துக்கிடாதிய" என்றான். திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். அவன் செய்தது சரி.

இது கல்யாணத்துக்கு முன் மகனுக்கு அப்பா எழுதும் கடிதம். புத்தி சொல்ல வேண்டிய இடம். எனக்கு அந்தத் தகுதி இல்லை. இருந்தாலும் இரண்டு விஷயம் சொல்கிறேன், சொல்பவனைப் பார்க்காதே. வீட்டுக்கு வரப்போகும் அந்தப் பெண் ஒருநாள் உன்னிடம், நீங்கள்தான் செய்தீர்களா என்று கேட்பாள். எல்லா வீட்டிலும் அந்தக் கேள்வி வரும். முதல் தடவை கேட்கும்போதே ஆமாம் என்று சொல்லிவிடு. எனக்கு அந்த ஒரு வார்த்தை சொல்ல ஒன்றரை வருடம் ஆயிற்று. அதற்குள் அது ஒரு வார்த்தையாக இல்லாமல் போய்விட்டது. இன்னொன்று, உங்கள் விளையாட்டைப் பற்றியது. எத்தனை பேர் கையில் போன் இருக்கிறது என்று நான் சொன்னது உண்மைதான். ஆனால் அந்த விளையாட்டுக்கு என்ன வேண்டும் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அதற்கு இருட்டு வேண்டும், இரண்டு காது வேண்டும், இடையில் யாரும் கூப்பிடாத கால் மணி நேரம் வேண்டும். கம்ப்யூட்டரில் ஆயிரம் பேர்தான் ஆடினாலும் அந்த மூச்சை அவர்கள் கேட்பார்கள். போனில் ஊரே ஆடியது, ஒருத்தருக்கும் கேட்கவில்லை. என் கடையிலேயே இருந்துகொண்டு எனக்கே கேட்கவில்லை.

கடைக்கு வருகிறவர்களிடம் இப்போது நானே நடந்ததைச் சொல்கிறேன். யார் போனிலாவது அது இருந்தால் கேட்டு அழிக்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள், சிலர் எதற்கு அண்ணாச்சி இதையெல்லாம் சொல்கிறீர்கள் என்கிறார்கள். ஏலக்கூடத்துக்கும் ஒரு காலையில் போய், குக்கர் என்று சொன்னவர்கள் நடுவில் நின்று, அந்தச் சத்தம் என்ன, அதைக் கெடுத்தது யார் என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த வாரம் சேவியர் அண்ணன் அங்கே வந்திருந்தார் என்று ஒருவர் சொன்னார். உண்மையா என்று போய்ப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் நீ சென்னை ரயிலில் வந்து இறங்குவாய். நீ படிக்கப் போன நாளிலிருந்து ஒரு தடவைகூட நான் ஸ்டேஷனுக்கு வராமல் இருந்ததில்லை. இந்தத் தடவை வரமாட்டேன். வந்து நின்றால், என் முகத்தைப் பார்த்துவிட்டு நீ பேசாமல் என் வண்டியில் ஏறிவிடுவாய், உன் குணம் எனக்குத் தெரியும். வீட்டுக்கு வரத் தோன்றும்போது வா. முதலில் ஜெரோமைப் பார்க்கத் தோன்றினால் ஸ்டேஷனிலிருந்து நேரே ஆட்டோ பிடித்துப் போ. ஆட்டோக்காரரிடம் அவன் பழைய வீட்டைச் சொல்லிவிடாதே, அவர்கள் அதைக் காலிசெய்து ஒரு வருடம் ஆகிறது. உனக்குத் தெரிந்திருக்காது. மாதா கோயிலைத் தாண்டி இரண்டாவது தெரு, நீலக் கதவு.

அப்பா